எந்தப் படத்துப் பாட்டு?

சினிமாவில் வராத பாட்டு ஒன்றைத் தேனிப் பக்கத்தில் யாருக்காவது போட்டுக் காட்டினால், முதலில் வருகிற கேள்வி, "எந்தப் படத்துப் பாட்டு?" என்பதுதான். படம் எதுவும் இல்லை, தனிப் பாட்டுதான் என்று சொன்னால் கேட்டவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும். பட்டணத்து விமர்சகர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கிராமத்து ஜனங்களுக்குச் சினிமாவை விட்டால் வேறு சங்கீதம் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறியாமை என்று தள்ளிவிடாமல் சற்று நின்று யோசித்தால், அந்தக் கேள்விக்குள் ஒரு நல்ல அளவுகோல் ஒளிந்திருப்பது தெரியும். கேட்பவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான்: இந்தப் பாட்டை யார், யாரிடம், என்ன நேர்ந்ததற்காகப் பாடுகிறார்கள்?

தனியிசை என்றும், சுயாதீன இசை என்றும், 'இண்டி' என்றும் பல பெயர்களில் இப்போது வாராவாரம் பாட்டுகள் வருகின்றன. இவற்றைப் பற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன. சினிமாவைச் சேராதது என்பதற்காகவே புகழ்கிறது ஒரு கட்சி. சினிமாவைச் சேராதது என்பதற்காகவே ஒதுக்குகிறது இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கிறார்களே தவிர, பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்த வகையில் முக்கியமானவை என்று நான் கருதும் சில ஆல்பங்களையும் பாட்டுகளையும், எங்கள் ஊர்க்காரரின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கில் பாட்டு என்பது ஒரு நாளும் சும்மா பாடப்பட்டதில்லை. தொட்டில் கட்டினால் தாலாட்டு. நாற்று நட இறங்கினால் நடவுப் பாட்டு. முளைப்பாரி எடுத்தால் கும்மி. இழவு விழுந்தால் ஒப்பாரி. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வராது. ஒப்பாரியை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடிப் பழகக்கூட விடமாட்டார்கள். அபசகுனம் என்று கிழவி அதட்டுவாள். பாட்டுக்கு முன்னால் ஒரு காரியம் இருக்க வேண்டும். காரியம் இல்லாத பாட்டு என்ற ஒன்றை எங்கள் ஜனங்கள் அறிந்ததே இல்லை.

சினிமா வந்து இந்தக் காரியங்களை எல்லாம் மொத்தமாக வாங்கிக்கொண்டது. கோடம்பாக்கத்தில் அதற்கு 'சிச்சுவேஷன்' என்று பெயர். டைரக்டர் சிச்சுவேஷனைச் சொல்வார். இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார். கவிஞர் வார்த்தை கொடுப்பார். 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கிய பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர். இசையமைத்த இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர். அந்தப் படத்தில் முதல் பாட்டு எழுதிய வைரமுத்து வடுகபட்டிக்காரர். மூன்று ஊரும் இன்றைய தேனி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அந்தப் படத்தில் வாலி எழுதிய 'மடை திறந்து' என்ற பாட்டை, சந்தர்ப்பம் கிடைக்காமல் அலைகிற ஓர் இளம் சங்கீதக்காரன் கனவு கண்டு பாடுகிறான். 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற ஊர்களில் 'மடை' என்பது உவமைச் சொல் மட்டும் ஆகாது. மண்வெட்டி கொண்டு திறக்கிற சாமான். அதனால்தான் அந்தப் பாட்டு இங்கே அத்தனை ஆழமாக இறங்கியது. படத்தைப் பார்க்காதவனுக்கும் அந்த இளைஞனின் தவிப்பு புரியும்.

சினிமாவுக்கு வெளியே இந்த ஊரில் தனிப் பாட்டே இருக்கவில்லையா என்றால், இருந்தது. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-ல் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடந்தபோது, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் கட்சி வேட்பாளருக்காகப் பாடினார். பின்னாளில் உலகம் கொண்டாடிய தம்பி அந்தக் குழுவில்தான் ஹார்மோனியத்தோடு வளர்ந்தார். அந்தப் பாட்டுகளுக்குப் படம் கிடையாது, தட்டு கிடையாது, எந்தக் கம்பெனியின் முத்திரையும் கிடையாது. ஆனால் எதற்காகப் பாடுகிறார் என்று கேட்க வேண்டிய அவசியம் ஒரு தொழிலாளிக்கும் நேர்ந்திருக்காது. கூலியைப் பற்றிப் பாடினால் கூலிக்காரனுக்குப் புரியாமல் போகுமா? ஆகவே தனியிசை என்பது நமக்கு மேல்நாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சினிமாவுக்குள் போவதற்கு முன்பே அது இங்கே இருந்தது.

சினிமாவுக்குள் போனவரும் ஒரு கட்டத்தில் வெளியே வந்து பார்த்தார். 1986-ல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' என்ற ஆல்பத்தில் வார்த்தையே கிடையாது. 'இதற்கு என்ன பெயர் வைப்பது?' என்பதுதான் பெயர். தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கை. அதில் ஓர் உருப்படிக்கு, 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் தலைப்பு. அடுத்து, 'பிறகு நாங்கள் பேசினோம்' என்று இன்னொன்று. எங்கள் ஊர்க்காரரின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடைக்குமா? யார்? வீட்டுக்காரர். யாரிடம்? வந்த விருந்தாளியிடம். எதற்காக? பேசுவதற்காக. வி. எஸ். நரசிம்மனின் வயலின் அந்தப் பேச்சைச் சண்டையில்லாமல் நடத்திக்கொண்டு போகிறது. எனக்கு ஒரு குறையும் உண்டு. சில இடங்களில் தாள வாத்தியங்கள், திரையில் யாரோ ஓடிக்கொண்டிருப்பது போல, அவசரப்படுகின்றன. பத்து வருஷம் படத்துக்கு இசை கொடுத்த கையின் பழக்கம் அது. ஆனாலும் வார்த்தையில்லாத ஓர் ஆல்பம், சினிமாப் பாட்டு கேட்கிறவர்களின் வீட்டுக்குள் கேஸட்டாக நுழைந்தது சாமானியக் காரியம் இல்லை.

அதற்கு இருபது வருஷங்களுக்குப் பிறகு, மடை வேறொரு தேசத்தில் திறந்தது. மலேசியாவில் யோகி பி என்பவரும் அவருடைய நட்சத்ரா குழுவினரும் 2006-ல் 'வல்லவன்' என்ற ராப் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் 'மடை திறந்து' பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு அதன்மேல் தங்கள் பேச்சைத் தாளத்தோடு ஏற்றினார்கள். ராப் என்பது 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கறுப்பின இளைஞர்கள் தெருவில் கூடிய விருந்துகளில் பிறந்த கலை. பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டு அதன்மேல் பேசுவது அதன் பிறவிக் குணம். ஆகவே திருட்டு என்று இதைச் சொல்ல முடியாது. சினிமாவில் சந்தர்ப்பம் தேடி அலைந்த இளைஞன் பாடியதை, கோலாலம்பூரில் சந்தர்ப்பம் தேடிய இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். சந்தர்ப்பம் பொருந்தியதால் பாட்டும் பொருந்தியது. தமிழில் ராப் பேச முடியுமா என்ற சந்தேகத்தை அந்த ஒரு பாட்டே தீர்த்துவைத்தது.

2012-ல் ஹிப்ஹாப் தமிழா ஆதியும் ஜீவாவும் வெளியிட்ட 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பத்தை இந்த வரிசையில் வைக்காமல் இருக்க முடியாது. கல்லூரிப் பையன்கள் அதைத் தலையில் வைத்துக்கொண்டாடினார்கள். வார்த்தைகள் தெளிவாக விழுகின்றன, தாளம் பிசகவில்லை. ஆனால் கேள்வியைப் போட்டுப் பார்த்தால் தராசு தடுமாறுகிறது. தமிழின் பெருமையைப் பாடுகிறார்கள். நல்லது. தமிழை யார் என்ன செய்தார்கள், பாடுகிறவனுக்கு எங்கே வலித்தது என்று தேடினால் கிடைப்பதில்லை. பெருமை என்பது, யாராவது இகழ்ந்தபோது பாடினால் வீரம். யாரும் இகழாதபோது பாடினால் மேடைப் பேச்சு. விருந்துகளில் குடிக்கிற பெண்களைக் கண்டிக்கும் பாட்டு ஒன்று அவர்களைப் பிரபலமாக்கியது. அதிலே கேட்பது ராப்புக்காரன் குரலா, எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிற பெரியவரின் குரலா என்று எனக்குச் சந்தேகம். 2015-ல் 'ஆம்பள' படத்தின் மூலம் அவர்கள் சினிமாவுக்கு இசையமைக்கப் போனார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு சிச்சுவேஷன், அது கிடைத்தது.

சிச்சுவேஷனை யாரும் கொடுக்க வேண்டியிராத ஒரு கூட்டம் 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. டைரக்டர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு அது. சாதியற்றவர் என்ற அந்தப் பெயரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அயோத்திதாசப் பண்டிதர் வளர்த்த சிந்தனையிலிருந்து எடுத்தது. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில் கலந்தன. கானா வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்டு வளர்ந்த கலை. நம் ஒப்பாரிக்கு அது சகோதரம். இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் அவர்கள் பாடியபோது, எதற்காகப் பாடுகிறார்கள் என்ற கேள்வியே எழவில்லை. கானா பாடுவது ஆண்கள் காரியம் என்றிருந்த வழக்கத்தை உடைத்துக்கொண்டு அந்த மேடையில் நின்ற இசைவாணியின் குரலுக்காகவே நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். குறை சொல்ல வேண்டுமானால், சில பாட்டுகளில் கோரிக்கை மனுவின் வாசனை தூக்கலாக அடிக்கிறது. மனுவில் எல்லாவற்றையும் எழுத வேண்டும். பாட்டில் பாதியைக் கேட்பவனுக்கு விட வேண்டும்.

அந்தக் குழுவிலிருந்து வந்த அறிவு என்ற இளைஞர் அரக்கோணத்துக்காரர். அவரும் ஆஃப்ரோ என்ற இசைக்காரரும் 2019-ல் வெளியிட்ட 'தெருக்குறள்' ஆல்பத்தை, தமிழில் வந்த ராப் ஆல்பங்களில் முதலிடத்தில் வைப்பேன். பெயரைப் பாருங்கள். ஓர் எழுத்தை மாற்றினார். குறள் தெருவுக்கு வந்துவிட்டது. தெருவுக்கும் ஒரு குரல் வந்துவிட்டது. எதிர்த்துப் பேசுகிறவர்களைப் பார்த்து வீசப்பட்ட 'ஆன்டி இண்டியன்' என்ற வசவைக் கையில் பிடித்து, அதையே ஒரு பாட்டின் தலைப்பாக்கித் திருப்பி வீசுகிறார். முன்னே சொன்ன பெருமைப் பாட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: இங்கே யாரோ அடித்திருக்கிறார்கள், அதனால் பாட்டு எழுந்திருக்கிறது. வேகம் சில சமயம் வார்த்தையை விழுங்கிவிடுகிறது. இரண்டாம் தடவை கேட்டால்தான் புரிகிற வரி, தெருவில் போகிறவனுக்கு நஷ்டம்தான். அவன் இரண்டாம் தடவை நிற்க மாட்டான்.

இனி, எங்கள் பள்ளத்தாக்கில் "எந்தப் படம்?" என்ற கேள்வியையே கொஞ்ச காலம் மறக்கடித்த பாட்டுக்கு வருகிறேன். 2021 மார்ச் 7-ஆம் தேதி வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' ஆல்பம் அல்ல, ஒற்றைப் பாட்டுதான். தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, ஊர் திரும்பி, நிலம் என்று சொல்ல ஒரு துண்டும் இல்லாமல் வாழ்ந்த தம் பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து பிறந்த பாட்டு என்று அறிவு சொல்லியிருக்கிறார். நிலச்சுவான்தாரைக் கூப்பிடவும் 'சாமி'. பேரனைக் கொஞ்சவும் 'சாமி'. ஒரே சொல்லில் பயமும் பாசமும் இருப்பதை எங்கள் ஊர்க் கிழவிகளிடம் தினமும் கேட்கலாம். அதைப் பிடித்ததுதான் பாட்டின் வெற்றி. மலைமேல் தோட்டத்தில் கூலிக்குப் போய் வருகிற ஊர்களில் அதற்கு உரை தேவைப்படவில்லை.

துக்கத்தை இப்படி ஆட்டம் போட வைக்கலாமா என்று சிலர் ஆட்சேபித்தார்கள். கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் கட்டி அதைப் போட்டு ஆடுகிறார்களே, பாட்டியின் கண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்டார்கள். இழவு வீட்டில் தப்பும் உருமியும் முழங்குவதையும் அதற்கு ஆடுவதையும் பார்த்தவர்கள் இந்த ஆட்சேபத்தைச் செய்ய மாட்டார்கள். நம் ஜனங்கள் துக்கத்தையும் ஆடித்தான் தீர்த்திருக்கிறார்கள்.

என் வருத்தம் வேறு. பாட்டு ஊர் ஊராகப் போன பிறகு, அது யாருடையது என்ற தகராறு கிளம்பியது. 2021 ஆகஸ்டில் ஒரு பிரபல இசைப் பத்திரிகையின் அட்டையில் தீயின் படம் வந்தது. அறிவின் படம் இல்லை. ரஞ்சித் முதலானோர் கண்டித்த பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் இந்தப் பாட்டு ஒலித்தபோதும் அவர் அங்கே இல்லை. எழுதியதும் இசையமைத்ததும் பாடியதும் நான் என்று அவர் சொன்னார். சந்தோஷ் நாராயணன் தம் பக்கத்தை விளக்கினார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டினால் தங்கள் மூவருக்குமே வருமானம் வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். நிலம் இல்லாதவளின் பாட்டு உலகத்தைச் சுற்றி வந்தது. அது யாருடைய பட்டாவில் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் நாம் எத்தனை காலமாக 'நாடோடிப் பாடல்' என்ற ஒரே பெயரில் எழுதிக்கொண்டு, பாடியவள் பெயரை விட்டிருக்கிறோம்! அந்தப் பழைய கணக்கின் பாக்கிதான் இதுவும்.

2024-ல் அறிவு வெளியிட்ட ஆல்பத்துக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். என் கணக்கில் இது ஒரு பத்திரப் பதிவு. இன்னார் மகன் என்று எழுதுகிற ஊரில், இன்னாள் பேரன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆல்பத்தின் பாட்டுகளைப் பற்றி ரசிகர்கள் பலவிதமாகச் சொல்லலாம். பெயரைப் பற்றி இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

இதே 2024-ன் தொடக்கத்தில்தான் சாய் அபயங்கரின் 'கட்சி சேர' வந்து எல்லார் கைப்பேசியிலும் ஒலித்தது. கேட்க இனிமையாக இருக்கிறது. சங்கீத ஞானம் இல்லாதவர் போட முடியாத மெட்டு. ஆனால் இதைக் கேட்கும்போது எங்கள் ஊர்க்காரரின் கேள்வி பழைய பலத்தோடு திரும்பி வந்துவிடுகிறது. எடுக்காத படத்திலிருந்து கத்தரித்த காதல் பாட்டு போல இருக்கிறது. யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. சீக்கிரமே சினிமா அவரை அழைத்துக்கொண்டது. இப்போது வருகிற ஒற்றைப் பாட்டுகளில் பல, கோடம்பாக்கத்துக் கதவைத் தட்டுவதற்கு அச்சடித்த விஸிட்டிங் கார்டுகள்தாம். கார்டு அழகாக இருப்பது குற்றமில்லை. அதைக் கடிதம் என்று நினைத்துப் படிக்கச் சொன்னால்தான் சங்கடம்.

எங்கள் பக்கத்தைப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் சோற்று வாளியோடு பெண்கள் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்கு ஏறிப் போகிறார்கள். இருட்டுவதற்குள் இறங்கி வருகிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பந்தலுக்கு அடியில் நாள் முழுவதும் கழுத்தை அண்ணாந்து நிற்கிறவருக்குக் கழுத்து வலி கிடைத்தது. 2011 டிசம்பரில் அணையை முன்னிட்டுக் கம்பத்திலிருந்து எல்லையை நோக்கி ஜனங்கள் ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். இவை எதுவும் நான் மேலே சொன்ன ஆல்பங்களில் இல்லை. அவர்கள் பாடியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரக்கோணத்துப் பேரன் அரக்கோணத்துப் பாட்டியைத்தான் பாட முடியும். ஆனால் ஜீப்பில் போகிற பெண்ணுக்கும் ஒரு பேரன் இருப்பான். அவன் கையில் கைப்பேசி இருக்கிறது. பாவலர் காலத்தில் மேடை போடக் கட்சி வேண்டியிருந்தது. இளையராஜாவின் காலத்தில் ஒலிப்பதிவுக்குக் கோடம்பாக்கம் போக வேண்டியிருந்தது. இவனுக்கு இரண்டும் அவசியமில்லை. பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மலையில் என்ன பாடுகிறாள் என்று கேட்டாலே போதும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல தனிப்பாட்டைக் கேட்டால் இலவசமாகக் கேட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். விலை போட்டிருந்தால் கொடுத்து வாங்குங்கள். கச்சேரி நடந்தால் டிக்கெட் எடுங்கள். அடுத்தவரிடம் சொல்லும்போது மெட்டை மட்டும் முணுமுணுக்காமல், எழுதியவர் பெயரையும் பாடியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வயலில் பாடியவள் பெயரைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை. அவள் பேரன் பெயரையாவது எழுதிவைப்போம்.